சீமைக்குப் போன கருவேலம்

தூத்துக்குடியிலிருந்து தருவைகுளம் போகிற சாலையில் எனக்கு இரண்டு ஏக்கர் நிலம் இருக்கிறது. இருப்பதாகப் பத்திரம் சொல்கிறது. வாங்கிய வருஷம் ஒரே ஒரு தடவை உள்ளே போய் நான்கு மூலையையும் பார்த்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு சீமைக் கருவேலம் என்னை உள்ளே விடவில்லை.

நான் முப்பத்திரண்டு வருஷம் நாசரேத்தில் மேல்நிலைப் பிள்ளைகளுக்குத் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவன். அந்த மரத்தின் லத்தீன் பெயர், பூவின் அமைப்பு, வேர் போகிற ஆழம் எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? வெட்டினால் துளிர்க்கிறது. எரித்தால் துளிர்க்கிறது. ஜேசிபி வைத்துத் தோண்டினால் ஒன்று போன இடத்தில் பத்து வருகிறது. அந்தப் பக்கம் நிலம் வைத்திருக்கிற எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. விரல் நீளத்துக்குக் கருவேலங்கன்று கண்ணில் பட்டால், யாரோடு என்ன பேசிக்கொண்டிருந்தாலும் சரி, குனிந்து, அடியில் பிடித்து, ஒரு முறுக்கு முறுக்கி வேரோடு இழுத்துவிடுவோம். கல்யாண மண்டப வாசலில் பட்டு வேட்டியோடு குனிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தை நான் இங்கிலாந்துக்கும் கொண்டுபோனேன். வந்த வினை அங்கேதான் ஆரம்பித்தது.

பேரனின் ஞானஸ்நானத்துக்காக நானும் என் மனைவி ஹெப்சியும் மூன்று வாரம் போயிருந்தோம். மகளும் மருமகன் டேனியும் அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறார்கள். போய் இறங்கிய மறுநாளே டேனி ஒரு வழவழப்பான காகிதத்தை நீட்டினான். பக்கத்துக் கிராமத்தில் ஒரு பழைய பெரிய மாளிகை இருக்கிறதாம். அதன் வரலாற்றைச் சொல்கிற காகிதத்தில் எங்கள் ஊர்ப் பெயரை ‘டூட்டிக்கொரின்’ என்று அச்சடித்திருந்தது.

“மாமா, நான் போன் பண்ணிச் சொல்லிட்டேன். டூட்டிக்கொரின்ல இருந்து எங்க மாமனார் வந்திருக்காவ, பாட்டனி புரொபசர்னு. அவங்களுக்கு ஒரே சந்தோஷம்.”

“நான் ஸ்கூல் வாத்தியாருல்லா, மாப்ளே?”

“அவங்களுக்கு அதெல்லாம் தெரியவா போகுது?” என்றான்.

வியாழக்கிழமை காலையில் கிளம்பினோம். வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஹெப்சி ஊரிலிருந்து கொண்டுபோன முந்திரி மக்ரூனில் ஒரு டப்பாவைப் பைக்குள் வைத்தாள். டேனிக்கு டியூட்டி. பஸ்ஸில் போய்விடுவோம் என்று நான்தான் வீரம் பேசினேன்.

பஸ்ஸில் எங்களைத் தவிர ஒரு கிழவியும் ஒரு நாயும் இருந்தார்கள். இறங்க வேண்டிய இடம் வரும்போது யாராவது கூப்பிடுவார்கள் என்று நாங்கள் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். கூப்பிட அங்கே கண்டக்டரே கிடையாது. நாமே பொத்தானை அமுக்க வேண்டுமாம். திருச்செந்தூர் பஸ்ஸில் நாம் தூங்கிப்போனாலும் கண்டக்டர் தோளைத் தட்டி, பையையும் எடுத்துக் கையில் கொடுத்து இறக்கிவிடுவார். இங்கே அந்த நாய்கூட இறங்கிப்போன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. இரண்டு கிராமம் தாண்டி இறங்கி, செம்மறி ஆடுகள் மேய்கிற வயல்களுக்கு நடுவே திரும்பி நடந்தோம். ஹெப்சியின் புடவைக் கரையில் அரை அடிக்குச் சேறு. “புரொபசர் வீட்டு அம்மா வாற லெச்சணத்தப் பாருங்க” என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

மாளிகையின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே ஒரு மனிதருடைய வேலை பத்திரமாக இருக்க வேண்டும். வாசலில் மார்கரெட் அம்மையார் காத்திருந்தார். மாளிகை இப்போது ஒரு அறக்கட்டளையின் கையில் இருக்கிறது. அவர்தான் அதன் தலைவி. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மக்ரூன் டப்பாவை இரண்டு கையாலும் வாங்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கடைசிவரை கீழே வைக்காமலே எங்களுக்கு வீட்டைச் சுற்றிக்காட்டினார்.

சமையலறை இருக்கிற பகுதிதான் மிகப் பழையது. ஒரு காலத்தில் துறவிகளின் தானியக் களஞ்சியமாக இருந்ததாம். மேற்குப் பகுதி ஒருமுறை எரிந்து மறுபடி கட்டியது. கிழக்குப் பகுதியைக் கட்டியவர்தான் எங்கள் ஊருக்கு உறவு. எல்லோரும் அவரை ‘கேப்டன்’ என்றுதான் சொல்கிறார்கள். தூத்துக்குடிக் கரையில் முத்துக்குளிப்பை மேற்பார்வை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து கட்டியிருக்கிறார். கூடத்தில் அவருடைய பெரிய ஓவியம் தொங்கியது. ஒரு முள்மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். முத்துக்குளிப்பவர்கள் குனிந்து ஒரு சிப்பியை நீட்டுகிறார்கள். பின்னால் கடல். கடலுக்குப் பக்கத்தில் பனி மூடிய மலைகள்.

“தூத்துக்குடியில பனிமலை எங்கன இருக்கு?” என்று ஹெப்சி காதில் கேட்டாள்.

எனக்கும் முதலில் புரியவில்லை. பிறகு தெரிந்தது. அது உப்பளத்தில் குவித்து வைத்த உப்பு. ஓவியர் ஊரைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. கேப்டன் வாயால் சொன்னதை வைத்து வரைந்திருக்கிறார்.

முத்துக்குளிப்பவர்கள் நிலவொளியில் சிப்பியைத் திறந்து, பாடிக்கொண்டே முத்தை எடுப்பார்கள் என்று அம்மையார் சொன்னார். சும்மா இருந்திருக்கலாம். வாத்தியார் புத்தி விடவில்லை. சிப்பியைக் குவியலாகப் போட்டு நாள் கணக்கில் வெயிலில் அழுக விடுவார்கள், ஈ மொய்த்து, நாற்றம் மூக்கைத் துளைக்கும், அழுகிய பிறகு கழுவி அரித்துத்தான் முத்தை எடுப்பார்கள் என்று விளக்கினேன். “எவ்வளவு சுவாரசியம்!” என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்கு நடந்துவிட்டார்.

தோட்டத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். சதுரங்கக் காய்களைப் போல வெட்டிவிட்ட செடிகள். ஏழு வகை மஞ்சள் ரோஜா. படுக்கையறை ஜன்னலிலிருந்து பார்த்தால் தண்ணீர் தெரிய வேண்டும் என்று ஒரு எஜமானி அம்மா ஆசைப்பட்டதற்காக வெட்டிய ஏரி. தாமிரபரணிப் பக்கத்தில் குளம் வெட்டினால் வயலுக்குப் பாயும். இங்கே ஜன்னலுக்குப் பாய்கிறது. ஏரிக்கு அந்தப் பக்கம் இடிந்த மண்டபம் ஒன்று நின்றது. அது இடிந்ததில்லையாம். அழகுக்காக இடிந்த மாதிரியே புதிதாகக் கட்டியதாம். “காண்ட்ராக்டர் பாதியில ஓடிப்போயிருப்பான். வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு இப்படிச் சொல்லுதாவ” என்றாள் ஹெப்சி. எங்கள் வீட்டு மாடியும் பாதியில்தான் நிற்கிறது.

கடைசியாகக் கண்ணாடி வீடு. உள்ளே நுழைந்ததும் உடம்பு புழுங்கியது. பாய்லர் வைத்து, இரும்புக் குழாய் ஓட்டி, வருஷம் முழுக்கத் தூத்துக்குடி வெயிலை உள்ளே உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். நடுவில் பட்டுக்கயிறு கட்டிய வட்டம். ‘மெதுவாகப் பேசவும்’ என்று ஒரு பலகை. வட்டத்துக்குள் ஒரு மரம். அதன் அடியில் பித்தளைத் தகடு: ‘டூட்டிக்கொரின் முத்து மரம்’.

ஹெப்சி என் கையைப் பிடித்து நசுக்கினாள். “ஏங்க, இது நம்ம உடமரம்லா?”

“வாய மூடு.”

எங்கள் பக்கத்தில் உடமரம் என்று சொல்கிற சீமைக் கருவேலமேதான். அதே முள், அதே இலை, அதே திமிர். இது எங்கள் ஊர் மரம்கூடக் கிடையாது. கடல் கடந்து வந்தது. விறகுக்கு ஆகும் என்று வெள்ளைக்காரர்கள் காலத்தில் கொண்டுவந்து விதைத்தது. கேப்டனே விதைத்தாரோ, அவருக்குப் பின்னால் வந்தவர்கள் விதைத்து வீட்டுக்கு ஞாபகமாக அனுப்பினார்களோ, யார் கண்டது. எப்படியோ, எங்கள் தலையில் கட்டியதில் ஒன்றை இங்கேயும் கொண்டுவந்து பட்டுக்கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள்.

மரத்துக்குப் பொறுப்பானவர் தலைமைத் தோட்டக்காரர் ஆர்தர். ஒல்லியான மனிதர், அறுபத்தைந்து வயதிருக்கும். மரத்தின் முன்னால் வந்ததும் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். அம்மையார் மக்ரூனோடு விடைபெற்றுப் போனதும் ஒரு ஸ்டூலை எனக்குப் போட்டுவிட்டு மெல்லிய குரலில் விஷயத்தைச் சொன்னார். மரத்துக்கு வேர் அழுகல். இன்னும் இரண்டு வருஷம் தாங்கினால் பெரிது. பதினொரு வருஷமாக ஒவ்வொரு வசந்தத்திலும் விதை போட்டுப் பார்க்கிறார். உயர்ந்த மண், சலித்த உரம், வெதுவெதுப்பான தண்ணீர். ஒன்றும் முளைக்கவில்லை. போன வருஷம்தான் ஒன்றே ஒன்று முளைத்தது. இன்னும் பதினைந்து நாளில் அறக்கட்டளைக் கூட்டம். வாரிசாக ஒரு கன்றைக் காட்டினால் கண்ணாடி வீடு தப்பும். இல்லையென்றால் பாய்லரை அணைத்துவிட்டு இதை டீக்கடை ஆக்கிவிடுவார்கள். ஆர்தரும் மாளிகை கேட்டை ஒட்டி நாற்பது வருஷமாகக் குடியிருக்கிற வாசல் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

“அவளை உங்களுக்குக் காட்டுகிறேன்” என்றார். தூக்கிக்கொண்டு வந்த தொட்டியில் விரல் நீளத்துக்கு ஒரு கன்று. என் முன்னால் பெஞ்சில் வைத்துவிட்டுக் மூக்குக்கண்ணாடி எடுக்க உள்ளே போனார்.

நான் ஹெப்சியிடம் திரும்பி, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், தொட்டியை நான் பார்க்கவே இல்லை. கைதான் பார்த்தது. அடியில் பிடித்தது. ஒரு முறுக்கு. ‘சர்ரக்’ என்று சத்தம் கேட்ட பிறகுதான் நான் திரும்பினேன். கன்று வேரோடு என் கையில் இருந்தது.

“யேசப்பா!” என்றாள் ஹெப்சி. “என்ன காரியம் செஞ்சிய!”

ஆர்தர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். தொட்டியைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். “ஏன்?” என்று மட்டும் கேட்டார். அந்த நிமிஷம் நான் பட்ட அவமானம் எந்தப் பகையாளிக்கும் வரக்கூடாது. எங்கள் ஊர், என் இரண்டு ஏக்கர், ஜேசிபி, பட்டு வேட்டி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். “இது அங்கே அவ்வளவு நிறையவா இருக்கிறது?” என்று கேட்டபோது அவர் முகத்தில் பொறாமையைத்தான் பார்த்தேன்.

கன்றை மறுபடி நட்டுப் பார்த்தார். நான்காம் நாள் செத்துவிட்டது. எங்கள் ஊரில் எதற்கும் சாகாதது அங்கே செத்தது. இருபது வருஷப் பழக்கம், என் முறுக்கு அப்படி.

அந்த நான்கு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பேரனின் ஞானஸ்நானத்தில் போதகர் ஜெபிக்கும்போது நான் கருவேலங்கன்றுக்காக ஜெபித்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை காலையில் பேச்சிமுத்து அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். என் நிலத்துக்கு அடுத்த நிலத்தில் மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறவர். அந்த மரத்தோடு அவரைப் போலப் பழகியவர் யாரும் கிடையாது.

“அண்ணாச்சி, உடமரத்த எப்படி முளைக்க வைக்கிறது?”

“சாருக்கு மேலுக்குச் சொகமில்லையா?”

“நல்லாத்தான் இருக்கேன். வெதை போட்டா வரமாட்டேங்குதாம். இங்க ஒருத்தருக்கு இதனால வேலையே போயிரும்.”

“இங்க அது முளைச்சதுனால நமக்குப் பொழப்பு போச்சு. அவருக்கு முளைக்காம போகுதாக்கும்? எங்கன போட்டாவ?”

“நல்ல மண்ணுல, உரம் போட்டு.”

“நல்ல மண்ணுல போட்டா அது எப்படி சார் வரும்? நெத்த ஆட்டுக்குப் போடச் சொல்லுங்க. ஆடு தின்னு புழுக்க போட்டா, போட்ட எடமெல்லாம் முளைச்சிட்டுப் போவுது. அங்கன ஆடு கெடைக்குமா?”

“மனுசன விட ஆடுதான் அதிகம்.”

“பெறவு என்ன? அந்த ஊருக்கும் புடிச்சது சனி” என்று சொல்லி வைத்துவிட்டார்.

விதையின் கெட்டித் தோல் விலங்கின் வயிற்றில் இளகும் என்பது ஐந்து மார்க் கேள்வி. முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளை அதை எழுத வைத்தவன் நான். கரி சுடுகிறவர் சொல்லித்தான் எனக்கே ஞாபகம் வந்தது.

மறுநாளே போய் ஆர்தரிடம் சொன்னேன். அவரிடம் ஒரு பிஸ்கட் டின் நிறைய அந்த மரத்தின் காய்ந்த நெற்று இருந்தது, பதினொரு வருஷச் சேமிப்பு. மாளிகையைச் சுற்றி மேய்கிற மந்தையிலிருந்து டோரத்தி என்ற வயசான பெட்டை ஆட்டைத் தேர்ந்தெடுத்தார். நெற்று இனிப்பாக இருக்கும். டோரத்தி டின்னையும் சேர்த்து நக்கியது. அதைக் காய்கறித் தோட்டத்துக்குள் அடைத்துவைத்துப் புழுக்கையைப் பொறுக்குவதுதான் திட்டம். புதன்கிழமை காலையில் நாங்கள் போய்ச் சேருவதற்குள் டோரத்தி கதவை முட்டித் திறந்துகொண்டு ரோஜாத் தோட்டத்துக்குள் போயிருந்தது. அன்றைக்குப் பொதுமக்கள் வருகிற நாள்.

விரட்டினால் ஓடி, எங்கேயாவது போட்டுவிடும். அதனால் பின்னாலேயே நடந்தோம். முன்னால் டோரத்தி, அடுத்து தட்டோடு ஆர்தர், அடுத்து சின்னக் கரண்டியோடு நான், எனக்குப் பின்னால் பட்டுப்புடவையில் ஹெப்சி. டோரத்தி நின்றால் நாங்களும் நின்றோம். அது வாலைத் தூக்கினால் மூன்று பேரும் குனிந்தோம். மார்கரெட் அம்மையார் எதிரே வந்தார். “புரொபசரின் ஆராய்ச்சி” என்றார் ஆர்தர். அம்மையார் ஒன்றும் கேட்காமல் வரிசையில் நான்காவதாகச் சேர்ந்துகொண்டார். நடை ஓரத்தில் சுற்றுலா வந்த ஒருவர் தன் மனைவியிடம் சொன்னது எனக்குக் கேட்டது: “அவர்கள் நாட்டு வழிபாடு போலிருக்கிறது. தொப்பியைக் கழற்று, சத்தம் போடாதே.” ஏழெட்டுப் பேர் மரியாதையாக எங்கள் பின்னால் வந்தார்கள்.

“நாசரேத் கொயர்ல முப்பது வருசம் பாடுனவ நான்” என்று ஹெப்சி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். “கடைசியில ஆட்டுப் பின்னால பவனி வரவச்சிட்டிய.”

உயர்ந்த மண்ணை எல்லாம் ஒதுக்கிவிட்டு, பாதையில் கிடந்த கரட்டு மணலை அள்ளித் தட்டுகளில் பரப்பி, புழுக்கையை உதிர்த்துப் போட்டோம். தண்ணீரையும் கஞ்சமாகத் தெளிக்கச் சொன்னேன். ஆர்தருக்கு மனசே வரவில்லை. தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். டிரைவருக்கு என் முகம் பழகி, பொத்தானை அமுக்காமலே நிறுத்த ஆரம்பித்தார். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் கண்ணாடி வீட்டு வாசலில் ஆர்தர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே தட்டுகளில் முப்பத்தொரு இரட்டை இலைகள் நிமிர்ந்து நின்றன. கருவேலம் முளைத்ததைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. கண்கூடக் கலங்கியது. ஆனாலும் கையை மட்டும் பேண்ட் பாக்கெட்டுக்குள்ளேயே வைத்திருந்தேன்.

கூட்டம் கண்ணாடி வீட்டிலேயே நடந்தது. ஆறு பேர் தட்டுகளைச் சுற்றி நின்று தலையாட்டினார்கள். எல்லாம் நல்லபடியாக முடிகிற சமயத்தில் மார்கரெட் அம்மையார் என் பக்கம் திரும்பினார். “புரொபசர், இந்த மரம் உங்கள் நாட்டில் எவ்வளவு அரியது என்று எங்கள் உறுப்பினர்களுக்குச் சொல்லுங்களேன்.”

ஆர்தர் தரையைப் பார்த்தார். பொய் சொல்லுங்கள் என்று அவர் ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவருடைய வாசல் வீட்டு ஜன்னலில் தொங்கிய பூந்தொட்டிகள் ஞாபகத்துக்கு வந்தன. சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் படித்த பத்துக் கட்டளைகளும் ஞாபகத்துக்கு வந்தன. ஏற்கெனவே அந்த மனிதரின் கன்றைப் பிடுங்கியாயிற்று. இப்போது வீட்டையும் பிடுங்கப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டே உண்மையைச் சொன்னேன். இது அரிய மரம் இல்லை, களை. எங்கள் தண்ணீரைக் குடித்து, மற்ற செடியை வளர விடாமல் செய்கிறது. ஊர் ஊராக இயந்திரம் வைத்து அழிக்கிறோம், நீதிமன்றமே அகற்றச் சொல்லியிருக்கிறது. இங்கேயும் இதைக் கண்ணாடிக்கு வெளியே நட்டுவிடாதீர்கள் என்றும் சொன்னேன்.

ஒருவர் இருமினார். பாய்லர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

“எல்லாவற்றையுமா அழிக்கிறீர்கள்?” என்றார் அம்மையார்.

“முடிந்தவரைக்கும்.”

அவர் தோளை நிமிர்த்திக்கொண்டு மற்ற ஐவரையும் பார்த்தார். “அப்படியானால் நண்பர்களே, ஒருநாள் நம்முடையதுதான் உலகத்தின் கடைசி மரமாக இருக்கும்.”

ஆறு கைகளும் ஒரே நேரத்தில் உயர்ந்தன. புதிய பாய்லர் வாங்குவதென்றும் ஆர்தர் இருக்கும்வரை வாசல் வீடு அவருக்கே என்றும் தீர்மானம் ஆனது. கிளம்பும்போது ஆர்தர் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டார். “உண்மையாகவே உங்கள் ஊரில் அழிந்துவிடுமா?” என்று கவலையோடு கேட்டார்.

“அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம் ஆர்தர்” என்றேன். “நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள்.”

ஊருக்கு வந்து இரண்டு மாதத்தில் அவரிடமிருந்து கடிதம் வந்தது. கன்றுகள் முழங்கால் உயரம் வந்து, முள்ளும் வைத்துவிட்டன. புதிய தகட்டின் படத்தையும் அனுப்பியிருந்தார். ‘டூட்டிக்கொரின் முத்து மரம். தாய்மண்ணில் அழிவை எதிர்நோக்குகிறது. புரொபசர் ஜெபராஜ் அவர்களின் உதவியால் இங்கே காப்பாற்றப்பட்டது.’ மாளிகையின் வரலாற்றுப் புத்தகத்தைத் திரும்ப அச்சடிக்கிறார்களாம். உங்கள் கடற்கரையில் இன்னும் எத்தனை மரங்கள் மிச்சம் இருக்கின்றன என்று எண்ணிச் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார்.

கடிதம் சட்டைப்பையில் இருக்க, தருவைகுளம் சாலையில் என் நிலத்துக்கு முன்னால் நின்றேன். ஜேசிபி வந்து நின்றது, ஓட்டுகிறவரும் இறங்கி நின்றார். இந்தப் பக்கம் உப்பளம் வரைக்கும், அந்தப் பக்கம் கடல் தெரிகிற இடம் வரைக்கும் ஒரே பச்சை. பேச்சிமுத்து அண்ணாச்சிக்குக் கடிதத்தைத் தமிழில் படித்துக் காட்டினேன்.

“எண்ணவா சொல்லுதாவ?” என்று அவர் வெகுநேரம் சிரித்தார். “உள்ள போகவே வழியில்ல, எங்கன நின்னு எண்ணுறது? உள்ளதச் சொல்லி எழுதுங்க சார். பாவம், அவரு சந்தோசப்படட்டும்.”

பதில் என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். கால் பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கன்று நின்றது. குனிந்தேன். பிடித்தேன். ஒரே முறுக்கு, வேரோடு வந்துவிட்டது. எல்லாம் எப்போதும் போலத்தான் நடந்தது, வாயைத் தவிர.

“மன்னிச்சிருங்க ஆர்தர்” என்றேன்.

பேச்சிமுத்து அண்ணாச்சி திரும்பி, இவர் பேரும் ஆர்தரோ என்பது போல ஜேசிபிக்காரரை ஏற இறங்கப் பார்த்தார்.